நுணலின் வாய்

பழமொழி நானூறு பாடிய முன்றுறை அரையனாருக்குத் தவளைமேல் என்ன கோபமோ. மணலுக்கடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற நுணல், சும்மா இருக்க மாட்டாமல் கத்தி மாட்டிக்கொள்கிறதாம். பேதையும் அப்படித்தான் பேசிக் கெடுகிறானாம். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தபோதெல்லாம் இதைச் சொல்லியே உட்கார வைத்தார்கள். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

ஆனாலும் புலவரின் காதை மெச்சத்தான் வேண்டும். மண்ணுக்குள் கிடந்தபடியே கத்துகிற ஒன்றை எப்படிக் கவனித்தார்! அவர் கேட்டது ஆற்று மணல் தவளையாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலில் பேருந்துக்கு நிற்கிறவர்கள் மேற்கே திரும்பினால் தெரிகிறதே மலை, அங்கே இன்னொன்று இருக்கிறது. ஊதா நிறம், பன்றி மூக்கு, ஊதிப்போன உடம்பு. மண்ணுக்கடியிலேயே காலம் தள்ளிவிட்டு, மழைக்கு இணை தேடிச் சில நாள் மேலே வரும். ஆண் தவளை வளைக்குள் இருந்தே கூப்பிடும். தேடிப் போகிறவர்களுக்கு அந்தக் குரல்தான் துப்பு. கேரளப் பக்கத்து ஊதாத் தவளையை உலகம் அறிந்தது 2003-ல்; அதன் நெருங்கிய சொந்தம் கடல் தாண்டிச் செஷல்ஸ் தீவுகளில். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில் இருப்பது தனி இனம் என்று 2017-ல் எழுதினார்கள். அகத்தியமலையில் கள ஆய்வின்போது 2014-ல் இறந்துபோன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். கேரளப் பக்கத்துத் தவளைக்குத் தென்மேற்குப் பருவமழை, நம் பக்கத்துக்கு ஐப்பசி மழை.

இதன் தலைப்பிரட்டைக்கும் வாய்தான் பிழைப்பு. உறிஞ்சுவாயால் ஓடைப் பாறையைக் கவ்விக்கொண்டு, தண்ணீரின் இழுப்பில் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே வளரும். நடுவில் யாராவது குழாய் போட்டு ஓடையைத் தோப்புக்குத் திருப்பினால் போயிற்று. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. வளர்ந்த தவளைக்கும் தோல் வழியாகத்தான் தண்ணீர், மூச்சில் ஒரு பங்கும் அதன் வழியேதான். மாமரத்துக்கு அடித்த மருந்து ஊற்றில் கசிந்தால் மனிதனுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். சீசாவில் தண்ணீர் பிடித்துப்போய்ச் சோதித்தால், அந்தச் சோதனை பிடித்த அன்றைய தண்ணீரைத்தான் சொல்லும். பாறையில் ஒட்டியிருக்கிற தலைப்பிரட்டை ஒரு பருவத்துத் தண்ணீரையே சொல்கிறது. உலகத்து நீர்நில வாழ்வனவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் நிலையில் இருப்பதாக 2023-ல் கணக்குச் சொன்னார்கள். வாய் மூடிக் கிடப்பதுதான் நல்லது என்று இனியும் எந்த வாத்தியார் சொல்வார்?

அதே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடமும் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. திருப்பாவையில் கோழி கூவுகிறது, குயில் கூவுகிறது, ஆனைச்சாத்தன் பேசுகிறது. எருமை மேய்கிறது, செந்நெல் வயலில் கயல் துள்ளுகிறது, வண்டுக்குத் தூங்கக் குவளைப்பூ கிடைக்கிறது. அடைமழை ஓய்ந்த மார்கழி, வயலெல்லாம் தண்ணீர், தவளைக்கு மட்டும் ஒரு வரி இல்லை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஊரைத் தூங்கவிடாமல் கத்தித் தீர்த்தவற்றைப் பாட்டில் வேறு சேர்க்க வேண்டுமா என்று விட்டிருப்பாள்.