கொடிக்கம்பி

அந்த வீடியோ மொத்தம் பதினான்கு நொடி. அம்மா கொல்லையில் ஈரப் புடவையை உதறுகிறாள். கொடிக்கம்பியில் போடக் கையை உயர்த்துகிறாள். தொட்ட நொடியே கை பின்னால் உதறி விழுகிறது. புடவை மண்ணில். கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்தபடி நிற்கிறாள். பிறகு புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

நான் அதைப் பார்த்தது பதினோரு நாள் கழித்து. அன்று காலையிலேயே என் போனுக்கு 'அசைவு' என்று நோட்டிஃபிகேஷன் வந்திருக்கிறது. பெருங்குடியில், ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது வரும். பூனை, காக்கா, காற்றில் ஆடும் வாழையிலை. விரலால் தள்ளிவிட்டிருப்பேன்.

அப்பா போனபிறகு மன்னார்குடி பக்கத்தில் அந்த வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். சென்னைக்கு வரமாட்டேன் என்றாள். அப்படியென்றால் கேமரா வைக்கலாம் என்று முடிவெடுத்தது நான். "என்னை எதுக்குடா தம்பி படம் புடிக்கணும்?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு, ஒரு தீபாவளி லீவில் நானே ஏணி போட்டு மாட்டினேன்.

கேமரா வெறும் 12 வோல்ட்தான். ஆனால் அதன் அடாப்டருக்கு 230 வோல்ட் வேண்டும். கொல்லையில் பிளக் பாயின்ட் கிடையாது. உள்ளறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தேன். பாக்ஸை சன்ஷேடுக்குக் கீழே கட்டி, பாலிதீன் பை சுற்றி, டேப் ஒட்டினேன். போனில் படம் தெரிந்தது. அதோடு வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டேன். அடுத்த ஐப்பசி வரை அந்த ஒயரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடியோவைப் பார்த்ததும் போன் செய்தேன். "ஆமா, சுருக்குன்னுச்சு. ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், ஒண்ணும் ஆகல. அன்னைலேர்ந்து அந்தக் கொடியில போடுறதில்ல. உன்கிட்ட சொன்னா லீவு போட்டுட்டு ஓடிவருவ" என்றாள். மெயினை அணைத்துவிட்டு அந்தப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். அன்றிரவே பஸ் ஏறினேன்.

காலையில் ஒயரிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். ஜன்னல் கதவைச் சாத்தச் சாத்த ஒயரின் தோல் கிழிந்து, உள்ளேயிருந்த செம்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொடியின் ஒரு முனையை அதே கம்பியில்தான் கட்டியிருந்தோம். பழைய வீடு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லை. "திருடன் வருவான்னு கேமரா வச்ச. எமனுக்கு லைன் இழுத்துக் குடுத்திருக்கியே தம்பி" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அவரும் நானும் இரண்டு நாள் வேலை பார்த்தோம். முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, எர்த்தைச் சரிசெய்தோம். இனி 230 வோல்ட் சுவரைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்பது ஒப்பந்தம். பிஓஈ கேமரா வாங்கினேன். லேன் கேபிள் ஒன்றே டேட்டாவையும் கரன்டையும் கொண்டுபோகும். சுமார் 48 வோல்ட், டிசி. 2003இல் வந்த 802.3 ஏஎஃப் என்ற தரத்தின்படி ஸ்விட்சிலிருந்து 15.4 வாட் கிளம்பும், கேபிளில் கொஞ்சம் இழந்து 12.95 வாட் கேமராவுக்கு உறுதி. தூரம் 100 மீட்டர் வரை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த ஸ்விட்ச் கரன்டை அனுப்புவதற்கு முன்னால் கேட்கிறது. சின்ன வோல்டேஜை அனுப்பி, எதிர்முனையில் 25 கிலோ ஓம் அளவில் தடை இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால்தான் பவர். மலிவாகக் கிடைக்கும் 'பேசிவ்' இன்ஜெக்டர்கள் கேட்பதில்லை, அப்படியே தள்ளிவிடும். அம்மாவிடம் கேட்காமல் கேமரா மாட்டிய ஞாபகம் வந்தது.

கேபிளை முழுச் செம்பில், வெயில் தாங்கும் உறையோடு வாங்கினோம். அலுமினியத்தில் செம்புப் பூச்சு பூசியது விலை குறைவு. நீளம் கூடினால் வோல்டேஜ் இறங்கும், சூடாகும். ஜாயின்ட்டை மழை புகாத பெட்டிக்குள் வைத்தோம். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டார் அண்ணன். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கேபிளோடு உள்ளே ஏறாது. உள்ளே வரும் இடத்தில் எர்த்தோடு சர்ஜ் புரொடெக்டர். பக்கத்தில் இடி விழுந்தால் அதுவும் கேரன்டி இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

பாஸ்வேர்டும் பெட்டியில் வந்ததே இருந்தது. 2016இல் மிராய் என்ற நிரல், இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படையாக்கியது. அந்த ஓராண்டில் அம்மாவை வேறு யாரும் பார்த்திருக்கலாம். நான்தான் பார்க்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, ரவுட்டரில் திறந்து வைத்திருந்த போர்ட்டை மூடினேன்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறேன். இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை லென்ஸை மறைக்கும். "திருடனைக் காணோம், சிலந்திதான் வருது" என்று அம்மா ஒட்டடைக்குச்சியால் தட்டி, கேமரா ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஏறி, மெல்லிய துணியால் துடைக்கிறேன். பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கேபிளை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்க்கிறேன். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன். 'டக்' என்று விழுந்தால் நிம்மதி.

இந்த முறை அம்மாவிடம் கேட்டேன், எங்கே வைக்கலாமென்று. "வாசப்பக்கம் வையி. கொல்லை வேணாம்" என்றாள். கொடி இப்போது நைலான் கயிறு, ஜன்னலிலிருந்து விலகி இரண்டு மரங்களுக்கு நடுவே. அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. காலை ஆறரைக்குப் பால் வாங்க வரும்போது கேட் ஓரத்தில் புடவை நுனி மட்டும் தெரியும். அந்த நோட்டிஃபிகேஷனை நான் தள்ளிவிடுவதில்லை. போன் போடுகிறேன்.