நாற்பதுக்கு அப்பால்

தாதித்தொழில் பயிலப் புகும் மாணவியர்க்கு ஊசி குத்துவதையும் கட்டுக் கட்டுவதையும் கற்பிப்பதோடு, மனிதன் பிறந்தது முதல் இறக்கும்வரை எவ்வாறு வளர்கின்றான் என்பதையும் ஒரு பாடமாகக் கற்பிக்கின்றனர். நோயாளிகளைப் பேணப் போகின்றவர்களுக்கு வளர்ச்சியைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இன்ன வயதில் இன்னது இயல்பு என்று அறியாதவர், இன்னது நோய் என்பதையும் அறியமாட்டார். அதற்காகவே அப்பாடம்.

என் தமக்கை மகள் இப்பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கின்றாள். பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலப் பள்ளியில் படித்த மாமன் என்ற ஒரே தகுதியை எண்ணி, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நூலை என்முன் விரித்துவிடுவாள். செம்பனைக் குலைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதும் தோட்டத்துக் கிராணிக்கு வைத்திய நூல் எட்டுமா? ஆயினும் படிக்கப் படிக்க, அவளைக் காட்டிலும் எனக்கே அதில் பற்று மிகுந்துவிட்டது.

வளர்ச்சி என்றவுடன் நம் ஜனங்களின் மனத்தில் தோன்றுவது குழந்தையே. உயரமும் எடையும் கூடும்வரை வளர்ச்சி. அது நின்றபின் இருப்பது, பின்னர் தேய்வது. இவ்வெண்ணத்தை மறுத்தவர்களுள் ஒருவர், வியன்னாவில் பயின்று அமெரிக்காவில் குடியேறிய எரிக் எரிக்சன். 1950-ல் அவர் வெளியிட்ட ‘குழந்தைப் பருவமும் சமுதாயமும்’ என்னும் நூலில் வாழ்நாளை எட்டுக் கட்டங்களாக வகுத்தார். முதற்கட்டத்தில் பாலுண்ணும் குழந்தை இவ்வுலகை நம்பலாமா என்று கற்கின்றது. ஏழாம் கட்டமாகிய நடுவயதில் மனிதன் தனக்குப் பின் வருவோரை ஆளாக்குகின்றான். எட்டாம் கட்டத்தில் முதியவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து, இது நான் வாழ்ந்த வாழ்வே என்று ஏற்கின்றார்; அன்றேல் ஏற்கமாட்டாமல் மனமுடைகின்றார். கிழவருக்கும் செய்துமுடிக்க ஒரு வேலை உண்டு என்று ஒரு பாடநூல் கூறக் கண்டது எனக்குப் புதுமையாக இருந்தது.

குழந்தையைப் பற்றிய பகுதியில் மற்றொரு செய்தி உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கண்காணித்து 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. நலமுள்ள குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்குவது எட்டாம் மாதத்தை ஒட்டியும் இருக்கலாம், பதினேழு மாதம் கடந்தும் இருக்கலாம் என்பது அதன் முடிவு. சிறு தொகையினரான குழந்தைகள் தவழாமலே நடந்துவிட்டனவாம். அண்டைவீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டதே என்று கண்ணீர் வடிக்கும் தாய்மார் இதை அறிந்தால் எவ்வளவு நன்று! பதினெட்டு மாதமாகியும் நடவாத குழந்தையை, ‘மெல்ல நடப்பான்’ என்று வீட்டில் வைத்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதும் அதே கணக்கால் விளங்கும்.

இதைப் படிக்கையில் நம் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்று மார்தட்டும் பழமைப்பித்து எனக்கு உடன்பாடன்று. ஆயினும் உள்ளதை இல்லையென்பதும் பகுத்தறிவு ஆகாது. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை, ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒரு பருவமாகப் பாடுவது அந்நூல்களின் மரபு. ஐந்தாம் திங்களில் செங்கீரை: குழந்தை ஒருகாலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையெடுத்து ஆடுவது. ஒன்பதில் சப்பாணி, கைகொட்டல். பதின்மூன்றில் வருகை, தளர்நடை. பதினைந்தில் அம்புலி, நிலவைச் சுட்டிக்காட்டி அழைப்பது. பிறர் சுட்டும் பொருளைக் குழந்தை நோக்குவதும், தானே ஒன்றைச் சுட்டுவதும் பேச்சுக்கு முன்னோடி என்று இக்கால நூல்கள் கூறுகின்றன. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் எவரோ, தொட்டிலருகே நெடுநேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. குறை யாதெனின், பாட்டியல் ஒரு திங்களைக் குறித்தது; குழந்தைகளோ அத்திங்களைப் படித்துவிட்டுப் பிறப்பதில்லை.

தொட்டிலை விட்டு இறங்கியபின் நம் புலவர்களின் கண் வேறாகிவிட்டது. பெண்ணின் பருவம் ஏழு என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றோம். 5 வயது முதல் 7 வரை பேதை; 11 வரை பெதும்பை; 13 வரை மங்கை; 19 வரை மடந்தை; 25 வரை அரிவை; 31 வரை தெரிவை; 40 வரை பேரிளம்பெண். அதற்குமேல்? அதற்குமேல் பெயரில்லை.

ஏன் இல்லை என்பதற்கு உலா நூல்களே விடை. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா தொடங்கி, பாட்டுடைத் தலைவன் வீதியில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவர். அம்மயக்கத்துக்குரிய வயது முடிந்தவுடன் பட்டியலும் முடிந்தது. குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடிய ஒட்டக்கூத்தரே மூவருலாவும் பாடினார். பேதையையும் பெதும்பையையும்கூட அந்த வீதியில் நிறுத்தியவர்களுக்கு, அறுபது வயதுப் பெண் ஒருத்தி அதே வீதியில் சுள்ளி சுமந்து சென்றது கண்ணில் படவில்லை போலும்! பன்னிரண்டு வயதில் மங்கை என்று பெயரிட்டு மணப்பந்தலில் ஏற்றிய சமுதாயத்துக்கு, இந்தியாவில் 1929-ல் சாரதா சட்டம் வந்து, பதினான்குக்குக் கீழ் ஆகாது என்று சொல்லவேண்டியிருந்தது. முன்பின் சிந்தித்துத் தன்னை அடக்கிக்கொள்ளும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கின்றது என்பது இன்று தெளிவு.

பெயரில்லாப் பருவத்துக்கு நம் வழக்கில் ஒரே ஒரு சொல் உண்டு. ‘வயதாகிவிட்டது’ என்பதே அது. கண் மங்கினால் வயது. கால் வீங்கினால் வயது. மயங்கி விழுந்தால் வயது. இச்சொல்லால் நேரக்கூடிய கேடு எத்தகையது என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

என் தாய்க்கு வயது 71. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். யார் வீட்டுத் திருமணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்பதை என் கணக்குப் புத்தகத்தைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர். சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமைவரை அப்படித்தான் இருந்தார். வியாழனன்று பேரனைத் தம் தம்பியின் பெயரால் அழைத்தார். இரவில் எழுந்து, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பால்வாளியை எங்கே வைத்தீர்கள் என்று தேடினார். காலையில் சற்றுத் தெளிவு. மாலையில் மீண்டும் குழப்பம். அண்டையார் மூளை தேய்ந்துவிட்டது என்றனர். மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னவரும் உண்டு. பட்டணத்திலுள்ள ஒரு கிளினிக்கில் காட்டினோம். வயதானால் இப்படித்தான் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

தமக்கை மகள் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டாள். எந்த நாளில் தொடங்கிற்று? ஒரே நாளில் கூடிக் குறைகின்றதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கின்றார், சிறுநீர் எப்படி? விடைகளைக் கேட்டபின், “மாமா, முதுமை இரண்டு நாளில் வராது. பாட்டியை இப்பொழுதே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்” என்றாள். அங்கே சோதித்ததில், சிறுநீர்ப்பாதையில் கிருமித்தொற்றும் உடலில் நீர்வறட்சியும் இருந்தன. மருந்தும் நீரும் ஏற்றினர். நான்காம் நாள் என்னைப் பார்த்து, சம்பளப் பட்டியலை முடித்துவிட்டாயா என்று கேட்டார். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்நிலைக்கு ‘டெலீரியம்’ என்று பெயர். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. இதுவோ சில மணி நேரத்திலோ சில நாளிலோ வந்துவிடும். பெரும்பாலும் அடியில் ஒரு காரணம் இருக்கும்: தொற்று, நீர்க்குறைவு, உட்கொண்ட மருந்து முதலியன. முதுமையில் தாகவுணர்ச்சி மழுங்குகின்றது. நீரைத் தேக்கிவைக்கும் ஆற்றல் சிறுநீரகத்துக்குக் குறைகின்றது. கடுந்தொற்றிலும் காய்ச்சல் காணாமற் போகலாம். முதுமையின் இயல்பு என்று சொல்லத்தக்கவை இவையே. இவற்றை அறிந்தவருக்கு முதியவரின் திடீர்க் குழப்பம் ஓர் அபாய மணி. அறியாதவருக்கு அது வயது.

முதுமையில் எல்லாம் குறைகின்றது என்பதும் உண்மையன்று. வார்னர் ஷாயி என்பவர் 1956-ல் சியாட்டில் நகர மக்களிடையே தொடங்கி, ஏழாண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்து வந்தார். விரைந்து செய்யும் திறன் நடுவயதிலேயே இறங்கத் தொடங்குகின்றது; சொல்லாற்றலோ பலருக்கு எழுபதை ஒட்டியும் தளராமல் நிற்கின்றது என்று கண்டார். நம் லயத்துப் பாட்டிமார் பேச்சைக் கேட்டவர்க்கு இதற்குச் சோதனை வேண்டியதில்லை. மலேசியாவில் 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே நானே பலருக்குக் கோடு கிழித்திருக்கிறேன். அது வேலைக்கு இட்ட கோடு, வளர்ச்சிக்கு இட்டதன்று.

இவ்வளவு சொன்னதால் எரிக்சனைத் தெய்வமாக்கிவிட வேண்டியதில்லை. 1944-ல் அவருக்குப் பிறந்த நான்காம் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருந்தது. அக்குழந்தை காப்பகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. வீட்டிலிருந்த மற்றப் பிள்ளைகளிடம் குழந்தை இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. மனித வளர்ச்சிக்கு வரைபடம் வகுத்தவர் வீட்டில், படத்தில் இடம்பெறாத ஒரு குழந்தை இருந்தது.

எட்டுக் கட்டங்களை அவரோடு சேர்ந்து வகுத்தவர் அவர் மனைவி ஜோன் எரிக்சன். கணவர் 1994-ல் இறந்தபின், தொண்ணூறு வயது கடந்த நிலையில், எட்டோடு முடியவில்லை என்று அவ்வம்மையார் கண்டார். எண்பதுகளுக்கும் தொண்ணூறுகளுக்கும் உரியதாக ஒன்பதாம் கட்டம் ஒன்றை எழுதிச் சேர்த்தார். அது 1997-ல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். தமக்கை மகளின் பாடநூலில் அக்கட்டம் இல்லை. எட்டாம் கட்டத்தின் கீழே பென்சிலால் அதை எழுதிக்கொண்டாள். பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்றும் அவளே சொன்னாள்.