காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு



போன வாரம் என் பேரன் மஞ்சள் ஜேசிபி பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் படத்தைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு மாணவி திருப்பூரிலிருந்து போன் செய்தாள்.

"டீச்சர், எங்க வீட்லயும் இதே கதைதான். பொண்ணுக்கு ரெண்டே கால் வயசு. ஒரு துணிக் கரடி வச்சிருக்கா. காது கிழிஞ்சு நாத்தம் அடிக்குது. அது இல்லாம சாப்பிட மாட்டேங்கறா, தூங்க மாட்டேங்கறா. 'ராத்திரியோட ராத்திரியா குப்பைல போட்டுடு, ரெண்டு நாள் அழுதுட்டு மறந்துடும்'னு வீட்டுக்காரர் சொல்றார். போட்டுடவா டீச்சர்?"

"போடாதே" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேரன் கதை. கோடை விடுமுறைக்கு மகள் சென்னையிலிருந்து கீழ்வேளூர் வந்திருக்கிறாள். பேரனுக்கு இரண்டரை வயது. கூடவே வந்த இன்னொரு விருந்தாளி அந்த ஜேசிபி. ஒரு சக்கரம் இல்லை, முன்னால் மண் அள்ளும் பக்கெட் பாதி உடைந்திருக்கிறது. காலையில் கண் திறந்ததும் கை அதைத்தான் தேடும். இட்லி வைத்தால் அதற்கும் ஒரு துண்டு வைக்க வேண்டும். குளிக்கும்போது அதுவும் குளிக்கும். "அம்மாச்சி, ஜேச்சிக்குத் தண்ணி" என்று ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்புவான்.

மாப்பிள்ளை அச்சு அசலாக அதே போல இன்னொன்று வாங்கி வந்தாராம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறார்கள். பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற" என்று கீழே வைத்துவிட்டானாம்.

மண்ணியல் சிறுதேர் என்ற நாடகம் சிலருக்கு நினைவிருக்கும். சூத்திரகர் வடமொழியில் எழுதியதைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழாக்கினார். அதில் சாருதத்தனின் பிள்ளை, மண் வண்டி வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனின் பொன் வண்டிதான் வேண்டும் என்று அழுவான். என் பேரன் அதற்கு நேர் எதிர். பொன்னிலேயே செய்து கொடுத்தாலும் சக்கரம் போன இந்த வண்டிதான் வேண்டும் என்பான்.

அவன் வந்த சமயம் இங்கே வாய்க்கால்களில் தூர் வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று ஊர் முழுக்க நிஜ ஜேசிபிகள். பையனுக்குச் சொர்க்கம்! தினமும் சாயங்காலம் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போய் நிற்பான். பெரிய ஜேசிபி மண் அள்ளினால் சின்ன ஜேசிபியும் அள்ளும்.

வந்த இரண்டாம் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. "எப்பப் பாரு இதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா வேற எதுல மனசு போகும்? ரெண்டு நாள் எடுத்து ஒளிச்சு வையேன்" என்றேன். மகள் பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"அம்மா, நீ என்ன வேணா சொல்லு. காக்கா கதை மட்டும் சொல்லாதே."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

காக்கா கதையை இனி சொல்லியாக வேண்டும்.

1991ஆம் வருடம். மகளுக்கு மூன்றரை வயது. எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் வேலை. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் போக முடியும். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். பிள்ளையை மாமியார்தான் பார்த்துக்கொண்டார்.

அந்த வருடம் நவராத்திரிக்குக் கொலு வைத்தோம். மாமியாருக்கு அவர் பிறந்த வீட்டுச் சீரோடு வந்த மரப்பாச்சி ஜோடி நடுப்படியில் இருந்தது. செம்மரத்தில் செய்தது, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். கொலு முடிந்து எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினோம். பெண் மரப்பாச்சியை மட்டும் மகள் தரவில்லை. சரி, விளையாடட்டும் என்று விட்டோம்.

அது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. அதற்கு என் ரவிக்கைத் துணியைச் சுற்றினாள். இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்தாள், தூங்கும்போது கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முன்பெல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மரப்பாச்சி வந்த பிறகு அழுவதில்லை. அதைத் தூக்கிக் காட்டி, அதன் கையால் எனக்கு டாட்டா காட்டுவாள். அதை நான் கவனித்தேன். ஆனால் என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஜோடிப் பொம்மையைப் பிரித்து வைக்கக்கூடாது என்று மாமியாருக்கு மனக்குறை. "பொம்மையே கதின்னு கிடக்குது, நாலு பிள்ளைங்களோட சேர மாட்டேங்குது" என்று அக்கம்பக்கத்திலும் பேச்சு. அதோடு நான் டீச்சர். பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் படித்தவள், ஃப்ரோபெல், மாண்டிசோரி எல்லாம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள். என் பிள்ளையே பிடிவாதக்காரி என்று பெயர் எடுக்கலாமா?

கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி, அவள் தூங்கிய பிறகு மரப்பாச்சியை எடுத்துப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். காலையில் கேட்டாள். "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றேன்.

அவள் அழவில்லை. வாசலுக்குப் போய் எதிரே இருந்த புளியமரத்தை அண்ணாந்து பார்த்தாள். நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அழவில்லை என்பதில் எனக்குப் பெருமை. பள்ளியில் சக ஆசிரியைகளிடம் சொல்லிக்கூடக் காட்டினேன். ஆனால் மாமியார் பிறகு சொன்னார், பகல் முழுக்க வாசல்படியில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. சாப்பாட்டில் ஒரு பிடியை எடுத்துப்போய்க் காக்காய்க்கு வைப்பாளாம். தஞ்சாவூர் போனபோது ஒரு தலையாட்டி பொம்மை வாங்கி வந்து கொடுத்தேன். அது தலையாட்டியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விட்டிருந்த கட்டைவிரல் சப்பும் பழக்கம் திரும்ப வந்தது. அதற்கு வேப்பெண்ணெய் தடவினேன். என்ன சொல்ல!

நாளடைவில் எல்லாம் சரியானது. படித்தாள், வேலைக்குப் போனாள். நானும் மறந்துவிட்டேன்.

2018 மே மாதம் நான் பணி ஓய்வு பெற்றேன். அதே வருடம் நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரை கடந்த காற்று எங்கள் வீட்டு ஓட்டையும் விட்டுவைக்கவில்லை. பரணெல்லாம் நனைந்துபோயிற்று. மகள் லீவு போட்டு வந்து, சாமான்களை வெயிலில் காயவைக்க உதவினாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தவளும் அவள்தான். பழைய பத்திரங்களுக்கு அடியில் மரப்பாச்சி. என் ரவிக்கைத் துணி சுற்றியபடியே இருந்தது.

கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "காக்கா இங்கதான் கொண்டாந்து வச்சிருந்ததா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு சொன்னாள்: "பொம்மை எனக்கு ஞாபகமே இல்லம்மா. காக்காதான் ஞாபகம் இருக்கு. சரியாப் பிடிச்சுக்காம விட்டுட்டோம், அதான் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

மூன்றரை வயதுப் பிள்ளை, தன் கவனக்குறைவுதான் என்று இருபத்தேழு வருடம் நினைத்திருக்கிறது. நான் ஒன்றும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை. ஓடு மாற்றுகிற ஆளைப் பற்றி ஏதோ பேசினேன்.

டொனால்டு வின்னிகாட் என்று ஒரு இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர், மனநல அறிஞரும்கூட. என் பணிக்காலத்தின் கடைசியில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் அந்தப் பெயரைக் கேட்டேன். குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொள்ளும் துணி, பொம்மை பற்றி 1951இல் கட்டுரை வாசித்து, 1953இல் வெளியிட்டார். தாய் வேறு, தான் வேறு என்று குழந்தைக்குப் புரியத் தொடங்கும் காலத்தில், அந்த இடைவெளியைத் தாண்ட அது பிடித்துக்கொள்ளும் பொருள் அது. குழந்தை தானே தேர்ந்தெடுத்த பொருள் என்பதால் இன்னொன்றை வைத்து மாற்ற முடியாது. அதன் அழுக்கும் வாசனையும்கூட அதில் சேர்ந்தவைதான். பிடுங்காமல் விட்டால், காலப்போக்கில் அதன் முக்கியத்துவம் தானே குறைந்துவிடும் என்கிறார்.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, மரப்பாச்சியின் கையால் டாட்டா காட்டியது கண்முன் வந்தது. ஏழு மணி பஸ்ஸில் போய்விட்ட அம்மாவின் இடத்தில்தான் அவள் அதை வைத்திருந்தாள். பொம்மைப் பைத்தியம் என்று நான் நினைத்தது, அழாமல் எனக்கு விடை கொடுக்க அவளே கண்டுபிடித்த வழி. அதைத்தான் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

இதெல்லாம் இந்தக் காலத்துச் செல்லம் என்று நினைக்க வேண்டாம். நம் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குக் கடைசிப் பருவமே சிறுதேர்தான். பொம்மை வண்டி இல்லாத பிள்ளைப்பருவம் இந்தக் காவிரிக்கரையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

திரும்பப் பேரனிடம் வருகிறேன். போன புதன்கிழமை சாயங்காலம் வாய்க்கால் கரையில் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஜேசிபியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். பேரன் வீடு அதிர அழுதான். தாத்தா டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் தேடினார். இருட்டில், குவித்துப் போட்ட சேற்றுக்கு நடுவில் எங்கே தேடுவது? வெறுங்கையோடு வந்தார்.

என் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. "கா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

மகள் தரையில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள். "ஜேசிபி தொலைஞ்சு போச்சுடா கண்ணு. தாத்தா தேடினார், கிடைக்கல. நீ ஒண்ணும் தப்பு பண்ணல. எனக்கும் கஷ்டமா இருக்கு. விடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் போய்த் தேடுவோம்" என்றாள். இரண்டரை வயதுக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ! ஒரு மணி நேரம் அழுதான். அவள் வாயை மூடச் சொல்லவில்லை, வேறு பொம்மை நீட்டவில்லை, செல்போன் கொடுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது அழுது அவள் முந்தானையைப் பிடித்தபடி தூங்கிப்போனான்.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேர அழுகையை என் மகளுக்கு நான் கொடுக்கவில்லை. என் பொய்யால் அவள் அழக்கூட வழியில்லாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போனார்கள். வேலை செய்கிற தம்பி யாரோ, பொம்மையைப் பார்த்து எடுத்து ஒரு பனைமரத்தின் அடியில் பத்திரமாக வைத்திருந்தார். கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தாலும் பிள்ளை மீண்டிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்று மத்தியானம் மகளிடம் சொன்னேன். "நான் அன்னிக்கு அந்த மரப்பாச்சிய எடுத்திருக்கக் கூடாது. பொய்யும் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான், உன்மேல இல்ல." அவள், "சரிம்மா, விடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அது சென்னைல என் அலமாரிலதான் இருக்கு" என்றாள்.

திருப்பூர் மாணவிக்கும் மற்ற இளம் பெற்றோருக்கும், என் மகளிடம் பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன்:

பொம்மையோடு சண்டை போடாதீர்கள், கூட்டாளி ஆக்கிக்கொள்ளுங்கள். "ஜேசிபி வாயைத் திறக்குது, நீயும் திற" என்றால் இரண்டு வாய் கூடவே இறங்குகிறது.

சாப்பிடும்போது கையில் வேண்டாம் என்றால், கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் திட்டுதான் ஜேசிபி ஷெட்.

துணி பொம்மையானால், குழந்தையை வைத்துக்கொண்டே துவையுங்கள். கொடியில் காய்வதை அது உட்கார்ந்து பார்க்கட்டும். காணாமல் போய்த் திரும்பி வந்தால் பயந்துவிடும்.

தெரியாமல் எடுக்காதீர்கள். தொலைந்தால் தொலைந்தது என்று சொல்லுங்கள், அழ விடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கண்ணைப் பார்க்காமல், வயதுக்கு ஏற்ற பேச்சு வராமல், சக்கரத்தை மட்டும் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தால், அது வேறு விஷயம். தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பயப்படவோ மறைக்கவோ வேண்டாம், சீக்கிரம் பார்த்தால் நல்லது.

கடைசியாக என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது உங்களில் சிலர் கைக்குள் ஏதாவது பொத்தி எடுத்து வருவீர்கள். கோலிக்குண்டு, அம்மா புடவைக் கிழிசல், உடைந்த வளையல். பாடத்தைக் கவனி என்று பிடுங்கி மேசை டிராயரில் போட்டிருக்கிறேன். சாயங்காலம் சிலருக்குத் திருப்பிக் கொடுத்தேன், சிலருக்கு மறந்துபோனேன். யாருக்காவது அது நினைவிருந்தால், என்னை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கீழ்வேளூர்