பேர் இல்லாத மகாராணி

போன வாரம் ஓபி முடியற நேரம். தெரிஞ்சவர் ஒருத்தர் போன்ல ஒரு போட்டோ காட்டினார்.

"டாக்டர், நீங்க பழைய காசு சேக்கறவராச்சே. இது கரூர் பக்கம் ஆத்து மணல்ல கிடைச்சதாம். உங்களுக்குன்னா விலை குறைச்சுத் தரச் சொல்றேன்."

பாத்ததும் கை துறுதுறுன்னுச்சு. ரோமானிய வெள்ளிக்காசு. முன்பக்கம் திபேரியஸ் தலை. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட பேரரசர். பின்பக்கம் நாற்காலியில ஒரு பெண். ஒரு கையில செங்கோல், இன்னொரு கையில மரக்கிளை.

ராணி போட்ட காசுன்னா எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆசை. பாட்டி கொடுத்த வெள்ளி ரூபாய்லதான் ஆரம்பம். அதுல 'விக்டோரியா எம்ப்ரஸ்'னு பேர் பளிச்சுன்னு இருக்கும்.

இந்த ரோமானியப் பெண்ணுக்கோ பேரே கிடையாது. முன்பக்கம் பேரரசர் பேர். அவளைச் சுத்தி எழுதியிருக்கறதும் 'தலைமைப் பூசாரி'ங்கற அவரோட பட்டம்தான். அவள் அவரோட அம்மா லிவியான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க.

கரூர், கோயம்புத்தூர் பக்கம் கிடைச்ச ரோமானிய வெள்ளியில அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான் அதிகம். வியாபாரத்தோட வியாபாரமா, பேர் சொல்லாம ஒரு மகாராணி நம்ம ஊருக்கு வந்திருக்கா.

"ரெண்டு நாள் டைம் கொடுங்க"ன்னேன். உண்மையைச் சொல்லிடறேன், வாங்கத்தான் நினைச்சேன்.

அன்னிக்கு நைட் டூட்டி. 108ல ஒரு அம்மாவைக் கொண்டு வந்தாங்க. பஸ் ஸ்டாண்ட்ல மயங்கிக் கிடந்தாங்களாம். கூட யாரும் இல்ல. பை இல்ல, போன் இல்ல. 'பெயர் தெரியாத பெண், வயது சுமார் 60'ன்னு ரெஜிஸ்டர்ல எழுதினோம்.

மயக்கத்துல வர்றவங்களுக்குப் பாதி வைத்தியம், கூட வர்றவங்க சொல்ற விவரம்தான். சுகர் இருக்கா, வலிப்பு வருமா, கடைசியா என்ன சாப்பிட்டாங்க? இங்க கேக்க ஆளே இல்ல.

விரல் குத்திப் பாத்தா சுகர் 34. நரம்புல டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தின சில நிமிஷத்துல கண்ணு முழிச்சாங்க. சாயங்காலம் சுகர் மாத்திரை போட்டுட்டு, சாப்பிடாமலே கிளம்பியிருக்காங்க.

"உங்க பேர் என்னம்மா?"

சொன்னாங்க. 'பெயர் தெரியாத'ங்கறதை அடிச்சுட்டு அவங்க பேரை எழுதினேன்.

அப்பதான் அந்தக் காசு ஞாபகம் வந்துச்சு. இந்தம்மா முழிச்சுப் பேர் சொல்லிட்டாங்க. காசு சொல்லாது. எந்த இடம், எவ்வளவு ஆழம், கூட என்னென்ன காசு இருந்துச்சுங்கறதுதான் அதோட வாய்.

ஒரு உதாரணம். கி.பி. 64ல நீரோ வெள்ளிக்காசோட எடையையும் தரத்தையும் குறைச்சார். நம்ம பக்கம் கிடைச்ச புதையல்கள்ல பெரும்பாலும் அதுக்கு முந்தின காசுதான். நம்ம வியாபாரிங்க நல்ல வெள்ளியைப் பாத்து வாங்கியிருக்காங்கன்னு இதை வெச்சுத்தான் சொல்றாங்க. ஆளுக்கொரு காசா வித்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது. என்னை மாதிரி ஆளு ஒண்ணு வாங்கி டப்பால வெச்சா, இன்னொரு 'பெயர் தெரியாத' கேஸ்.

காலையில போன் பண்ணி வேண்டாம்னேன். "நீங்க விட்டா வேற ஒருத்தர் வாங்கிப்பார் டாக்டர்"னார்.

மண்ணுல கிடைச்ச புதையல் 10 ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்குத் தெரிவிக்கணும், 1878லேருந்தே சட்டம் இருக்கு, கண்டெடுத்தவருக்கும் அதுல பங்கு கிடைக்க வழி உண்டுன்னு சொன்னேன். "கேட்டுப் பாக்கறேன்"னு வெச்சுட்டார். அப்புறம் பேசல. ஆசை இன்னும் இருக்கு, மறைக்க மாட்டேன். அடுத்த லீவுக்கு வாலாஜாபாத்துல ரயில் ஏறி எழும்பூர் மியூசியம் போய் ரோமானியக் காசுகளைப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்.

உங்களுக்கு ரெண்டே விஷயம்.

பழைய காசு கிடைச்சா தேய்ச்சுக் கழுவாதீங்க, பிரிக்காதீங்க. கிடைச்ச இடத்தைப் போட்டோ எடுத்துட்டு விஏஓகிட்டயோ தாசில்தார்கிட்டயோ சொல்லுங்க.

சுகர் மாத்திரை போட்டா சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்க. வெளிய போறப்ப பேர், வீட்டு போன் நம்பர், மாத்திரைச் சீட்டு மூணும் உடம்போட இருக்கட்டும்.