கழன்று போகும் கியர்

1948ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்த மொறிஸ் மைனர் கார்களுட் சில இன்றும் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று எனது. கியர்ப்பெட்டியைப் பழுதுபார்த்துப் பூட்டிய பின், வேகமிதியினின்று காலை எடுத்ததும் மூன்றாங் கியர் தானே கழன்றது. மலைநாட்டு இறக்கத்தில் இது நேரின், எஞ்சினின் தடையின்றி வண்டி பாயும்.

பற்கள் தேய்ந்திருக்கலாம்; கவை வளைந்திருக்கலாம்; குண்டை அழுத்தும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். ஆயினும், அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் பெட்டியைத் திறக்குமுன், "திருத்தும்போது எவற்றைக் கழற்றினார்கள்?" என்றே வினவினார். பெட்டியைத் தாங்கும் றப்பரின் சுரையாணிகள் தளர்ந்திருந்தன. பெட்டி அசைய, கியர்த்தடி தரைத்தகட்டின் விளிம்பில் முட்டியது. பற்கள் முழுதும் பொருந்தவில்லை. இறுக்கியதும் குறை தீர்ந்தது.

நேற்றுவரை நன்கு பயின்ற மாணவன் இன்று நழுவுவானாயின், அவனது அறிவைப் பழிக்குமுன், அண்மையில் அவனுக்கு நேர்ந்த மாற்றம் யாதென வினவுதல் ஆசிரியர் கடன்.