வளரி எறிந்த சீமை

விருதுநகரிலிருந்து மானாமதுரைக்குப் போகும் ரயில் பாதையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று ஸ்டேஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அருப்புக்கோட்டையில் தறியின் ஓசை கேட்கும். திருச்சுழியில் கோயில் மணி ஒலிக்கும். நரிக்குடியிலோ ரயில் நகர்ந்து சென்றபின் காற்றின் ஓசைதான். இருமருங்கும் வானம் பார்த்த பூமி. இடையிடையே கண்மாய்க் கரைகள், அவற்றின்மேல் பனைகள், மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேலம். இப்பாதையில் செல்லும் சென்னை வண்டி ஒன்றுக்குச் 'சிலம்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சூட்டியவர்கள் கண்ணகியின் காற்சிலம்பைத்தான் மனத்தில் கொண்டிருப்பார்கள். ஆனால் இந்தச் சீமைவாசிகளின் காதில் அச்சொல் விழுந்தால் கம்பு சுழலும் ஓசைதான் முதலில் நினைவுக்கு வரும்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளம் என்னும் சிற்றூர்தான் மருது சகோதரர்கள் பிறந்த ஊர். சிவகங்கையை ஆண்ட அந்த வீரர்களைப் பற்றி நேயர்கள் எவ்வளவோ படித்திருப்பார்கள். நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 1795-ஆம் வருஷத்தில் மதுரையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலச் சிப்பாய் அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது. வெல்ஷே 1830-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். தேர்ந்த கையிலிருந்து புறப்படும் வளரி நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் கண்ட அனுபவம்.

ஆறு வருஷங்கள் கழிந்தன. அதே வெல்ஷ், தம் ஆசானைக் காட்டில் துரத்திய பட்டாளத்தில் ஒருவராக வந்தார். 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் இளம் புதல்வர் துரைசாமியைக் கடல் கடத்திப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். 1818-ல் வெல்ஷ் அங்கே சென்றபோது, வயதுக்கு மீறிய முதுமையோடு ஒரு மனிதர் அவர் முன் வந்து நின்றார். யார் என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை. மல்லாட வேண்டிய தேகம் அப்படிக் கரைந்து போயிருந்தது.

தலைவர்களைத் தூக்கிலிட்டதோடு கும்பெனியார் திருப்தி அடையவில்லை. அந்த வருஷக் கடைசியில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு விளம்பரம் வெளியிட்டார். கோட்டைகள் இடிபட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வளரி அன்றைக்கு வெறும் ஆயுதமாக இருக்கவில்லை. கள்ளர் குலத்தாரின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததாக எட்கர் தர்ஸ்டன் 1909-ல் எழுதியிருக்கிறார். அது விளையாட்டு, வேட்டை, குலப் பெருமை எல்லாம் கலந்த ஒரு வித்தை. சர்க்கார் பறித்துக் கொண்டது மரத்துண்டை. அதோடு போனது மாலை வேளையில் வாலிபர்கள் கூடிப் பழகிய களம். இன்று வளரியைப் பார்க்க வேண்டுமானால் பொருட்காட்சிச் சாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம்.

களம் அழிந்தாலும் மக்கள் வேறு வழி கண்டார்கள். கம்பு ஆயுதப் பட்டியலிலிருந்து நழுவிக் கோயில் திருவிழாவுக்குள் புகுந்துகொண்டது. ஊர்ச் சாவடி ஓரத்திலோ கோயில் வாசலிலோ உருண்டையாக, வழுவழுவென்று, பிடிக்க ஒரு விளிம்பும் இல்லாமல் கிடக்கும் இளவட்டக்கல்லை நேயர்கள் பார்த்திருக்கலாம். குந்தி உட்கார்ந்து, கல்லைக் கட்டித் தழுவி முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய், பின்புறமாக விட வேண்டும். அதைத் தூக்கியவனுக்கே பெண் என்ற பேச்சு பழைய காலத்தில் இருந்தது. இப்போது மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். கல் சும்மா கிடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடலிவிளை என்னும் ஊரார் மட்டும் பொங்கல்தோறும் அதைப் போட்டியாகவே நடத்தி வருகிறார்கள். அங்கே பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள் என்பது விசேஷம்.

"வேலை செய்கிற சனத்துக்குத் தேகப் பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. ஏற்றம் இறைத்து, கமலை ஓட்டி, பனை ஏறி, பத்துக் கல் நடந்து சந்தைக்குப் போன காலத்தில் அக்கேள்வி நியாயம்தான். இன்று தண்ணீரை மோட்டார் இறைக்கிறது. உழவை டிராக்டர் பார்த்துக்கொள்கிறது. சந்தைக்கு மோட்டார் சைக்கிள் போகிறது. 2023-ல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டு. அது பட்டணத்துப் பணக்காரர் நோய் என்று சொல்லிக் கொண்டிருந்தோம். அப்படிச் சொல்வதற்கு இனி இடமில்லை. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நாளொன்றுக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் தனி மனிதன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, 'நாளை முதல் செய்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் சங்கற்பம் எத்தனை நாள் நிற்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் கால் தானே நடக்கும். சங்கம் என்று ஒன்று வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

சங்கம் எப்படி வளர்கிறது? இதற்குச் சடுகுடுவின் சரித்திரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. ஊருக்கு ஊர் வேறு பெயர், வேறு விதி. எல்லைக்கோட்டைப் பற்றிய சண்டையில் ஆட்டம் முடிந்த நாட்கள் எத்தனையோ! மகாராஷ்டிரத்துத் தேகப் பயிற்சிச் சங்கங்கள் உட்கார்ந்து பேசி விதிகளை எழுதி அச்சிட்டன. அமராவதியில் 1914-ல் தோன்றிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸின்போது அந்நாட்டார் முன் அதை ஆடிக் காட்டினார்கள். 1990-ல் பீக்கிங் நகரில் ஆசிய விளையாட்டுகளில் அது பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. தெருப் புழுதியில் பிறந்த ஆட்டத்தை அவ்வளவு தூரம் கொண்டு சென்றது எது? விதியை அனைவரும் ஒப்புக்கொண்டதும், ஊதலை ஒருவர் கையில் ஒப்படைத்து அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுமே.

பணம் பெரிய தடை என்று நான் நினைக்கவில்லை. லண்டன் நகரத்தையொட்டி புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2-ந் தேதி (மகாத்மாவின் பிறந்த நாளாகவும் அது அமைந்தது) 13 பேர் கூடி ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். கட்டணம் கிடையாது, தொண்டர்களே நேரம் குறித்தார்கள். வாரம் தவறாமல் அதைச் செய்தார்கள். 'பார்க்ரன்' என்ற பெயரில் அது இருபதுக்கு மேற்பட்ட தேசங்களில் பரவிவிட்டது.

நம் ஊர்களுக்கும் சர்க்கார் கொடுக்காமல் இல்லை. 2006-ல் ஆரம்பித்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்கு நூலகமும் விளையாட்டு மைதானமும் வந்தன. 2024-ல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் அடங்கிய தொகுப்புகள் வழங்கப்பட்டன. ஆனால் மட்டையையும் பந்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் அவை தாமாக எழுந்து வந்து ஆடுமா? மைதானத்தில் யாரும் கால் வைக்காவிட்டால் இரண்டு மழையில் அங்கே கருவேலம் முளைத்துவிடும். இச்சீமையில் கருவேலத்துக்கு இருக்கும் சுறுசுறுப்பு வேறு எதற்கும் இல்லை! தினந்தோறும் மிதிக்கும் கால்கள்தான் மைதானத்துக்கு வேலி.

இன்னொரு தடை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். வெள்ளையர் வந்து பறிப்பதற்கு முன்னும் நம் களங்கள் எல்லோருக்கும் திறந்திருந்தனவா? 'பொது மைதானம்' என்று பெயர் இருந்தும் ஒரு தெருவாருக்கு மட்டுமே பாத்தியப்பட்டதுபோல் நடக்கும் இடங்கள் நம் நாட்டில் அநேகம். பூனாவில் ஒரு காலத்தில் பல்வங்கர் பாலு என்னும் பந்து வீச்சாளர் ஹிந்துக்களின் கிரிக்கெட் கோஷ்டிக்கு ஜயத்தைத் தேடித் தந்தார். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காகத் தேநீரை மண்குவளையில் ஊற்றி, பந்தலுக்கு வெளியே வைத்துக் கொடுத்தார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்று அவர் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். ஆனாலும் தலைமைப் பதவி அவருக்கு வரவில்லை. 1923-ல்தான் அவர் தம்பி விட்டலுக்கு வந்தது. ஒரு பந்தலின் உள்ளே வர அவ்வளவு காலம்!

பெண்களின் சங்கதியும் அதுவே. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் பதக்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. அங்கே ஒரு திடலும் விடாமல் பயிற்சி கொடுத்தவர்களும் இருந்ததால் அந்தப் பெண் வெளியே தெரிந்தாள். நரிக்குடிப் பக்கத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும் விதத்தைப் பார்த்தால் தேகபலத்துக்குப் பஞ்சமில்லை என்பது விளங்கும். மாலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணமும், பயமின்றி நிற்க ஓர் இடமுமே அவர்களுக்கு வேண்டும்.

திருச்சுழியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 1879-ல் அங்கே பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷியாகி அசையாமல் அமர்ந்து உலகையே தம்மிடம் வரவழைத்தார். அவரும் பள்ளிப் பிராயத்தில் கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்று ஒன்றையும் விட்டுவைக்காதவர். பிள்ளை விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சும் தாய்மார்கள் இதைக் கவனிப்பார்களாக.

இப்பக்கத்து ஊர்களில் நல்ல மைதானம் எது என்றால், வற்றிய கண்மாயின் உள்வாய்தான். மாசி பிறந்தால் வண்டல் இறுகி, சடுகுடுவுக்கென்றே மெழுகியதுபோல் ஆகிவிடும். சுண்ணாம்புப் பொடியால் பதின்மூன்று மீட்டருக்குப் பத்து மீட்டர் கோடு போட்டு, இரண்டு விளக்குகளைக் கம்பத்தில் கட்டினால் போதும். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து மறுவருஷம் வரை தண்ணீர் நின்றுவிட்டால் மட்டும் ஆட்டம் நடக்காது. அந்த வருஷம் அதற்காக யாரும் வருத்தப்படுவதும் இல்லை. பையன்கள் எல்லோரும் மடைப்பக்கம் நீந்தப் போய்விடுவார்கள்.