உப்புக் காற்றும் ஒரு கடிதமும்

பக்கத்து வீட்டு நண்பர் அண்மையில் புதிய கார் ஒன்றை வாங்கியுள்ளார். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதால், அவரது பூரிப்பு புரிந்துகொள்ளக் கூடியதே. வண்டியைக் கழுவ நம்பிக்கையான பெடியன் யாராவது இருக்கிறானா என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பதினெட்டு ஆண்டுகள் பின்னே கொண்டுபோய் விட்டது.

அப்போது என்னிடம் ஒரு பழைய நிசான் சனி இருந்தது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தேன். ரயில் தண்டவாளத்தைத் தாண்டி வரும் உப்புக் காற்று இரும்பை மெல்ல மெல்லத் தின்னும். அங்கே கார் கழுவுவது அழகுக்காக மட்டுமல்ல.

எங்கள் ஒழுங்கையில் ஐந்தாறு கார்களைக் கழுவியவர் வவுனியாப் பக்கத்து இளைஞர். அருகிலிருந்த லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். வெளிநாடு போவதற்காக வந்து, முகவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர். மாதம் 600 ரூபா கொடுத்தேன். தொழிலை யாரிடம் கற்றாரோ தெரியாது. ஆனால் ஒழுங்கு தவறமாட்டார். வெயில் ஏறுமுன் தொடங்குவார். காய்ந்த தூசியை ஒருபோதும் துணியால் துடைக்கமாட்டார், மணல் கீறிவிடுமாம். கூரையில் தொடங்கிக் கீழிறங்கி, சில்லுகளைக் கடைசியில் வேறு துணியால் கழுவுவார். பிறகு நிலத்தில் படுத்து, வண்டியின் அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடிப்பார். நான் கேட்காமலே செய்த வேலை அது.

2007 மே மாத இறுதியில் ஒருநாள், வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"அண்ணை, உங்களிட்டை வேலை செய்யிறன் எண்டு ஒரு கடிதம் தரேலுமோ? பொலிஸ் வந்தாக் காட்டலாம்."

தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கும் தமிழர் என்று லொட்ஜ்கள் சோதிக்கப்பட்ட காலம். அது பற்றி நானே செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆயினும் என் பெயர் பொலிஸ் கோப்பு ஒன்றில் ஏறுவதை நான் விரும்பவில்லை. பத்திரிகையாளருக்கும் அது ஆபத்தான காலந்தான். இன்று அதைச் சொல்லும்போது சாக்காகவே ஒலிக்கிறது. "பாப்பம் தம்பி" என்றேன். எங்கள் மொழியில் அதற்கு என்ன பொருள் என்பது அவருக்கும் தெரியும்.

ஜூன் 7, வியாழக்கிழமை அதிகாலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். அன்று காலை கார் கழுவப்படவில்லை. லொட்ஜில் விசாரித்தபோது, அவரும் போய்விட்டதாகச் சொன்னார்கள். அலுவலகம் சென்று அந்த வெளியேற்றத்தைக் கண்டித்துக் காரசாரமாக எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று நண்பர்கள் தொலைபேசியில் பாராட்டினார்கள். அன்றிரவுதான் அந்தக் கடிதத்தையும் எழுதினேன். ஐந்து வரி; பத்து நிமிடங்கூட ஆகவில்லை.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், மறுநாளே உயர் நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 10ஆம் திகதி பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அதற்கு மறுநாள் காலை கேற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இனித் தேவையில்லை அண்ணை. சந்தித் தேத்தண்ணிக் கடை முதலாளி நேற்று எழுதித் தந்திட்டார்."

அந்த முதலாளி சிங்களவர். அவருக்கென்று கார் எதுவும் இருக்கவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் குனிந்து முன்சில்லின் மேல்விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளாத் தண்ணி படேல்லை என்ன? உப்புப் பிடிச்சிட்டுது."